உலகச் சந்தையில் எண்ணெய் இறங்கினாலும் எங்கள் லீற்றர் ஏன் இறங்குவதில்லை?

2021 டிசம்பர் கடைசியில் யாழ்ப்பாணத்தில் ஒரு லீற்றர் டீசல் 121 ரூபா. 2022 ஜூன் 26ஆம் திகதி அதே லீற்றர் 460 ரூபா. ஆறே மாதத்தில் கிட்டத்தட்ட நாலு மடங்கு. உக்ரைன் சண்டையால் உலகம் முழுக்க விலை ஏறிவிட்டது என்பதுதான் அப்போது எங்கும் கேட்ட விளக்கம். உலக விலை ஏறியது உண்மைதான். ஆனால் அந்த ஆறு மாதத்தில் உலக விலைக்கு அளவுகோலாக எடுக்கப்படும் பிரென்ட் மசகு எண்ணெய் பீப்பாய்க்கு ஏறத்தாழ 75 டொலரிலிருந்து 120 டொலருக்குத்தான் போனது. அது 1.6 மடங்கு. மீதி எங்கிருந்து வந்தது?

இந்த மீதியைக் கணக்குப் பார்க்கத் தெரிந்தால், மாதக் கடைசியில் வரும் விலை அறிவிப்பை யாருடைய விளக்கமும் இல்லாமல் நாங்களே வாசிக்கலாம். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் ரூபா. 2022 மார்ச் 7ஆம் திகதி வரை மத்திய வங்கி டொலரை 200 ரூபாவை ஒட்டிப் பிடித்து வைத்திருந்தது. கையிருப்பு வற்றிப் பிடியை விட்டதும், மே மாதத்துக்குள் ஒரு டொலர் 360 ரூபாவைத் தொட்டது. இது 1.8 மடங்கு. 1.6ஐ 1.8ஆல் பெருக்கினால் 2.9 கூட வராது. எங்கள் விலையோ 3.8 மடங்கு ஏறியிருந்தது.

எஞ்சிய பங்குக்கு இரண்டு காரணங்கள். ஒன்று, வண்டியில் எரிவது மசகு எண்ணெய் அல்ல, டீசல். கோவிட் காலத்தில் உலகெங்கும் பல சுத்திகரிப்பு ஆலைகள் மூடப்பட்டிருந்தன. ஐரோப்பாவுக்குப் பெருமளவு டீசலை விற்று வந்த ரஷ்யா சண்டையில் இறங்கியதும், மசகு எண்ணெயை விட டீசல் வேகமாக ஏறியது. எங்கள் சப்புகஸ்கந்தை ஆலை 1969இல் ஈரானின் உதவியோடு, ஈரானின் இலகு ரக எண்ணெய்க்கென்றே கட்டப்பட்டது. நாளொன்றுக்கு 50,000 பீப்பாய் சுத்திகரிக்கும். அதை 2021 நவம்பரில் மசகு எண்ணெய் வாங்க டொலர் இல்லாமல் மூடினார்கள். பிறகும் திறப்பதும் பூட்டுவதுமாகவே அது கிடந்தது. ஆக, சுத்திகரித்த டீசல் உலகில் மிக விலைகூடி நின்ற நேரத்தில் அதையே வெளியிலிருந்து வாங்க வேண்டிய நிலை. இரண்டாவது காரணம், 121 ரூபா என்ற பழைய விலையே உண்மையான விலையாக இருக்கவில்லை. பெற்றோலியக் கூட்டுத்தாபனம் நட்டத்துக்கு விற்றுக் கடனில் ஓட்டிக்கொண்டிருந்தது. கடன் கொடுக்க ஆளில்லாமற் போனதும் எல்லாம் சேர்ந்து ஒரே அடியாக மக்கள் தலையில் விழுந்தது.

ஒரு சிறிய கணக்கை மனதில் வைத்திருப்பது நல்லது. ஒரு பீப்பாய் என்பது 159 லீற்றர். டொலர் 300 ரூபா என்று வைத்தால், பீப்பாய் விலையில் ஒரு டொலர் மாற்றம் லீற்றருக்கு 1 ரூபா 90 சதம் அளவில் வரும். பத்து டொலர் இறங்கினால் 19 ரூபா குறைய இடமுண்டு. பீப்பாய் 70 டொலராக இருக்கும்போது டொலரின் விலை 10 ரூபா ஏறினால், லீற்றருக்கு 4 ரூபா 40 சதம் ஏறும். செய்தியில் எண்ணெய் விலை சரிந்தது என்று கேட்டவுடன் எத்தனை டொலர் என்று பார்த்து இரண்டால் பெருக்கினால் போதும். எதிர்பார்க்கக்கூடிய குறைப்பு தோராயமாகத் தெரிந்துவிடும். அதன் பிறகும் விலை அசையாவிட்டால் காரணத்தை நாட்டுக்குள் தேட வேண்டும்.

விளிம்பில் தீர்மானமாகும் விலை

உலகம் ஒரு நாளைக்கு 10 கோடிப் பீப்பாய்க்குச் சற்று அதிகமாக எரிக்கிறது. சந்தைக்கு வருவது இதைவிட இரண்டு வீதம் கூடினாலோ குறைந்தாலோ விலை பாதியாகலாம், இரட்டிப்பாகலாம். இதைப் புரிந்துகொள்ளத் திருநெல்வேலிச் சந்தைக்கு விடியப்புறம் போனால் போதும். தேவைக்கு மேல் பத்து மூட்டை கத்தரிக்காய் வந்து இறங்கினால், அந்தப் பத்து மூட்டை மட்டும் மலிவதில்லை. சந்தையில் உள்ள அத்தனை கத்தரிக்காயும் மலிந்துபோகும். எண்ணெய்ச் சந்தையும் அப்படித்தான். கடைசியாக வந்து சேரும் பீப்பாய்தான் மற்ற எல்லாப் பீப்பாய்களுக்கும் விலை வைக்கிறது.

கத்தரிக்காய் ஏறினால் வாழைக்காய் வாங்கலாம். எண்ணெய்க்கு அந்த வசதி இல்லை. லீற்றருக்கு நூறு ரூபா ஏறிவிட்டதென்று யாரும் அடுத்த நாளே வள்ளத்தின் எஞ்சினை மாற்ற முடியாது. பயிர் வாடும்போது இறைக்காமல் இருக்கவும் முடியாது. விற்பவர் பக்கமும் இதே இறுக்கம்தான். கடலடியில் ஒரு புதிய வயலைக் கண்டுபிடித்து எண்ணெய் எடுக்கப் பல ஆண்டுகள் போகும். இரண்டு பக்கமும் சட்டென்று வளைந்து கொடுக்காததால், சிறு பற்றாக்குறைக்கும் விலை பாய்கிறது. சிறு மிகுதிக்கும் விழுகிறது.

2014 இதற்கு நல்ல சாட்சி. அந்த ஆண்டு ஜூன் மாதம் பிரென்ட் 115 டொலர். அமெரிக்காவில் பாறையை நீரழுத்தத்தால் உடைத்து எண்ணெய் எடுக்கும் முறை பரவி, 2008இல் நாளுக்கு 50 இலட்சம் பீப்பாயாக இருந்த அதன் உற்பத்தி வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. நவம்பரில் கூடிய ஒபெக், அதாவது எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பு, உற்பத்தியைக் குறைக்க மறுத்தது. சந்தையில் மிதந்த மிகுதி நாளுக்கு 20 இலட்சம் பீப்பாய் அளவைத் தாண்டவில்லை. இருந்தும் 2016 ஜனவரியில் விலை 30 டொலருக்குக் கீழே போய்விட்டது.

2020 ஏப்ரல் 20 இன்னும் விசித்திரமான நாள். உலகமே ஊரடங்கில் இருந்தது. தேவை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இல்லாமற் போயிருந்தது. மே மாத அமெரிக்க எண்ணெய் ஒப்பந்தத்தைக் கையில் வைத்திருந்தவர்கள், ஒக்லஹோமா மாநிலத்தின் குஷிங் என்ற ஊரில் எண்ணெயைப் பொறுப்பேற்க வேண்டும். அங்கே தாங்கிகள் நிறையும் நிலையில் இருந்தன. எண்ணெயை வைக்க இடமில்லாதவர்கள், அதை எடுத்துப் போகிறவருக்குக் காசும் கொடுக்க முன்வந்தார்கள். அன்று ஒரு பீப்பாயின் விலை பூச்சியத்துக்கும் கீழே, மறை 37.63 டொலர். அந்த ஆண்டு யாழ்ப்பாணத்தில் டீசல் என்ன விலை? 104 ரூபா. ஆண்டு முழுக்க அசையவில்லை. உலகச் சரிவால் மிச்சமாகும் பணத்தை ஒரு நிதியத்தில் சேர்த்து, விலை ஏறும் காலத்தில் மக்களைத் தாங்குவோம் என்று அரசு சொன்னது. இரண்டு ஆண்டுக்குள் விலை ஏறியபோது தாங்குவதற்கு எதுவும் இருக்கவில்லை.

குழாயில் கை வைத்திருப்பவர்கள்

ஒபெக் 1960 செப்டம்பரில் பக்தாத்தில் பிறந்தது. ஈரான், ஈராக், குவைத், சவூதி அரேபியா, வெனிசுவேலா ஆகிய ஐந்து நாடுகள். தங்கள் மண்ணிலிருந்து எடுக்கும் எண்ணெய்க்கு வெளிநாட்டுக் கம்பனிகள் தாமாக விலையைக் குறைத்ததால் வந்த கோபம் அவர்களை ஒன்றுசேர்த்தது. 1973 ஒக்டோபர் யுத்தத்தின்போது அரபு நாடுகள் விநியோகத்தை வெட்ட, பீப்பாய் 3 டொலர் அளவிலிருந்து சில மாதங்களில் 12 டொலர் அளவுக்கு ஏறியது. எண்ணெய் ஓர் அரசியல் ஆயுதம் என்பதை உலகம் அன்றுதான் முழுதாக உணர்ந்தது. 1979இல் ஈரான் புரட்சி விலையை மீண்டும் உயர்த்தியது. அந்த உயர் விலையே வட கடலிலும் அலாஸ்காவிலும் எண்ணெய் எடுப்பதைக் கட்டுப்படியாக்கியது. அங்கிருந்து வந்த எண்ணெய் 1986இல் விலையை உடைத்தது. விலை ஏற்றம் தன் சரிவுக்கான விதையைத் தானே போடுவதும், சரிவு முதலீட்டை நிறுத்தி அடுத்த ஏற்றத்துக்கு வழி வைப்பதும் எண்ணெயின் வரலாற்றில் திரும்பத் திரும்ப நடக்கின்றன.

2016 கடைசியில் ரஷ்யாவையும் வேறு சில நாடுகளையும் சேர்த்து ஒபெக் பிளஸ் உருவானது. 2020 சரிவின்போது நாளுக்கு 97 இலட்சம் பீப்பாயை வெட்ட இந்தக் கூட்டு இணங்கியது. பிறகு விலையைத் தூக்கி நிறுத்தச் செய்த வெட்டுகளில் 22 இலட்சம் பீப்பாயை, 2025 ஏப்ரலிலிருந்து எட்டு நாடுகள் படிப்படியாகத் திரும்பத் திறந்தன. இவர்களின் கை முன்பு போல் பலமாக இல்லை. அமெரிக்கா 2023இல் நாளுக்கு 1 கோடி 29 இலட்சம் பீப்பாய் எடுத்தது. எந்த நாடும் அதற்கு முன் அவ்வளவு எடுத்ததில்லை. 2019 டிசம்பரில் முதல் எண்ணெய் கண்ட கயானா சில ஆண்டுக்குள் கவனிக்கத்தக்க உற்பத்தியாளராகிவிட்டது. பிரேசிலும் கனடாவும் கூட்டிக்கொண்டே போகின்றன. விலையை உயர்த்த ஒபெக் குறைத்தால் இவர்கள் அந்த இடத்தை நிரப்புகிறார்கள். குறைக்காமல் விட்டால் சவூதி அரசின் வரவு செலவுத் திட்டமே துண்டு விழுகிறது. 2022இல் சராசரி 100 டொலரில் நின்ற பிரென்ட் 2024இல் 80க்கும் 2025இல் 70க்கும் கீழுமாக இறங்கியதற்கு இந்த இழுபறி ஒரு முக்கிய காரணம்.

ஆனால் பூகோளம் மாறவில்லை. நாளுக்கு ஏறத்தாழ 2 கோடிப் பீப்பாய், அதாவது உலகப் பாவனையில் ஐந்தில் ஒன்று, ஹோர்முஸ் நீரிணை வழியாகப் போய்வந்தது. அதன் மிக ஒடுங்கிய இடம் 33 கிலோமீற்றர். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட கடலைவிடச் சற்றே அகலம். 2025 ஜூன் 13ஆம் திகதி இஸ்ரேல் ஈரானைத் தாக்கியதும், 70 டொலரை ஒட்டி நின்ற பிரென்ட் 80 டொலரைத் தொட்டது. நீரிணை மூடப்படவில்லை. 24ஆம் திகதி சண்டை ஓய்ந்தவுடன் விலை தொடங்கிய இடத்துக்கே திரும்பியது. ஆனால் ஜூன் 30 இரவு எங்களுக்கு வந்த அறிவிப்பு வேறு: 92 ஒக்டேன் பெற்றோல் 12 ரூபா கூடி 305, டீசல் 15 ரூபா கூடி 289, மண்ணெண்ணெய் 7 ரூபா கூடி 185. உலகில் விலை இறங்கி ஒரு வாரமாகிய பிறகு இங்கே ஏற்றம். பலரும் கோபப்பட்டார்கள். எங்கள் மாத விலையைக் கணக்கிடும் விலைச்சூத்திரம் பார்ப்பது சிங்கப்பூர்ச் சந்தையில் சுத்திகரித்த எரிபொருளின் கடந்த கால விலையை. அன்றைய விலை அதில் வராது. அந்தத் தாமதம் நியாயமானதுதான். அதே தாமதத்தோடு இறக்கமும் முழு அளவில் வந்து சேர்கிறதா என்பதைத்தான் மாதாமாதம் பார்க்க வேண்டும்.

வரியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2024 ஜனவரியில் பெற்றோல், டீசல் மீது 18 வீதப் பெறுமதி சேர் வரி வந்தது. கூட்டுத்தாபனத்தின் பழைய கடனைத் திறைசேரி பொறுப்பேற்றது. அதை அடைக்க லீற்றருக்கு 50 ரூபா தனியாக அறவிடப்பட்டது. உலக விலை எவ்வளவு இறங்கினாலும் இந்த 50 ரூபா அப்படியே நிற்கும். வீத வரியோ உலக விலை ஏறும்போது தானும் சேர்ந்து ஏறும். உலகில் 20 வீதம் சரிந்தால் இங்கே 20 வீதம் சரியாததற்குப் பெரிய காரணம் அந்த 50 ரூபா போன்ற அசையாத அறவீடுகள்தான்.

கடைசிப் படலை

உலக விலைக்கும் ஊர் விலைக்கும் தொடர்பே அறுந்துபோகலாம் என்பதை யாழ்ப்பாணத்தாருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1991 முதல் 1994 வரை உலகச் சந்தையில் பீப்பாய் 16 முதல் 20 டொலர் வரை. இன்றைக்கு நினைத்துப் பார்க்க முடியாத மலிவு. அதே ஆண்டுகளில் குடாநாட்டில் எரிபொருளுக்கு அரசின் யுத்தகாலத் தடை. கிளாலிக் கடல் தாண்டி ஒளித்து வந்த கொஞ்சத்துக்கு யானை விலை. மோட்டார் சைக்கிளில் சில துளி பெற்றோலை விட்டு ஸ்டார்ட் செய்து, மண்ணெண்ணெயில் புகை கக்கியபடி ஓட்டினார்கள். ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் நூல் திரியும் வைத்து, சொட்டு மண்ணெண்ணெயில் ஒரு தலைமுறை பரீட்சைக்குப் படித்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றித்தான் வானொலிச் செய்தி கேட்டார்கள். பொருள் உலகில் எவ்வளவு மலிந்து கிடந்தாலும், அது ஊருக்குள் நுழையும் கடைசிப் படலையை வைத்திருப்பவர்தான் விலையை வைக்கிறார். 1990களில் அந்தப் படலை தடையாக இருந்தது. 2022இல் டொலர்ப் பற்றாக்குறையாக இருந்தது. கொழும்புக் கடலில் கப்பல் வந்து நின்றாலும், காசு கட்டாமல் எண்ணெய் இறங்கவில்லை. அந்த ஆண்டு ஓகஸ்டில் நாடு முழுக்கக் கியூஆர் குறியீட்டைக் காட்டி அளவாக எரிபொருள் பெறும் பங்கீடு வந்த பிறகுதான் வரிசைகள் சுருங்கின.

மண்ணெண்ணெயைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். கொழும்பில் எழுதப்படும் எரிபொருள் ஆய்வுகளில் அது அடிக்குறிப்பாகவே வரும். வடக்கில் அது தொழிலின் மூலப்பொருள். மயிலிட்டி, பருத்தித்துறை, குருநகர் எங்கும் கண்ணாடியிழை வள்ளங்களின் எஞ்சின்கள் பெரும்பாலும் அதில்தான் ஓடுகின்றன. 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் வெங்காயமும் மிளகாயும் செய்து நிமிர்ந்த செம்மண் கமக்காரர், துலாவை விட்டு மண்ணெண்ணெய் மெசினுக்கு மாறியதும் அதை நம்பித்தான்.

உலகச் சந்தையில் மண்ணெண்ணெயும் விமான எரிபொருளும் கிட்டத்தட்ட ஒரே பொருள். விமானங்கள் மீண்டும் பறக்கத் தொடங்க, அதன் விலையும் ஏறும். அதை இங்கே 87 ரூபாவில் பிடித்து வைத்திருந்தார்கள். 2022 ஓகஸ்ட் 21 நள்ளிரவோடு அது 340 ரூபாவானது. ஒரு தரம் கடலுக்குப் போய்வர 30 லீற்றர் எரிக்கும் வள்ளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் 2,610 ரூபா, அடுத்த நாள் 10,200 ரூபா. வலையில் என்ன படும் என்று தெரியாமல் இவ்வளவு காசைக் கடலில் கொட்டிவிட்டுப் போக எத்தனை பேரால் முடியும்? பல வள்ளங்கள் கரையிலேயே கிடந்தன.

மானியம் நாட்டை நட்டப்படுத்தியது என்ற வாதம் சரி. மலிந்த மண்ணெண்ணெயை வாங்கி டீசலில் கலந்து ஓடிய பஸ்களும் லொறிகளும் இருந்தன என்பதும் சரி. ஆனால் அந்தத் திருட்டை நிறுத்த, திருடாத கடற்றொழிலாளரையும் கமக்காரரையும் ஒரே இரவில் தண்டித்தது அநீதி. வள்ளங்களுக்குப் பதிவு இலக்கம் இருந்தது. கடற்றொழிலாளர் சங்கங்கள் இருந்தன. பங்கீட்டுக்குக் கியூஆர் முறையும் அதே மாதம் தயாராகிவிட்டது. அவற்றின் மூலம் உரியவருக்கு மட்டும் உதவியிருக்கலாம். விலையை முதலில் ஏற்றிவிட்டு உதவியைப் பிறகு யோசித்தார்கள். 2025இல் டீசல் 289 ஆகவும் மண்ணெண்ணெய் 185 ஆகவும் இருந்ததைப் பாருங்கள். உலகச் சந்தையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே விலை. அந்த 104 ரூபா இடைவெளி உள்நாட்டில் எடுத்த முடிவுகளால் வந்தது. அப்படி ஒரு முடிவு இயலும் என்றால், 2022இலும் இயன்றிருக்கும்.

இனித் தேவை எந்தப் பக்கம்?

இருபது ஆண்டாக உலகத் தேவையை மேலே இழுத்தது சீனா. 2024இல் அங்கே விற்ற புதிய கார்களில் ஏறத்தாழ பாதி மின்சாரத்தில் ஓடுபவை அல்லது மின்சாரத்தைச் செருகி ஏற்றிக்கொள்பவை. பெற்றோலுக்கான சீனத் தாகம் உச்சத்தை நெருங்கிவிட்டது. இந்தியாவின் தேவை வளர்கிறது, ஆனால் சீனா வளர்ந்த வேகத்தில் இல்லை. இந்தப் பத்தாண்டின் முடிவில் உலகப் பாவனை உச்சத்தைத் தொட்டு நின்றுவிடும் என்று 2025 ஜூனில் சொன்னது சர்வதேச எரிசக்தி முகவரகம். 2050 வரை ஏறிக்கொண்டே போகும் என்கிறது ஒபெக். இரண்டுக்கும் தங்கள் தங்கள் நலன் உண்டு. என் கணிப்பு: சராசரி விலை மெல்லத் தணியும், ஆனால் இடையிடையே வரும் பாய்ச்சல்கள் கூர்மையாக இருக்கும். தேவை தேயப்போகிறது என்று பயந்து புதிய வயல்களில் பணம் போடத் தயங்குகிறார்கள். இருக்கும் வயல்களோ ஆண்டுக்காண்டு வற்றுகின்றன. ஒரு நீரிணையில் கலகம் வந்தால் ஈடுகட்ட உபரி இருப்பது வளைகுடாவிலுள்ள ஓரிரு நாடுகளிடம்தான். அதிலும் பெரும்பகுதி அதே நீரிணைக்குள்.

இலங்கை ஆண்டுக்கு 4 முதல் 5 பில்லியன் டொலரை எரிபொருளுக்குக் கட்டுகிறது. மன்னார்ப் படுகையில் 2011இல் எரிவாயு கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்த கம்பனி உலக விலை சரிந்த 2015இல் விட்டுப் போனது. அதன்பிறகு அந்த வாயு கடலடியிலேயே கிடக்கிறது. அதை நம்பி யாரும் திட்டம் போட முடியாது. வடக்கில் கைக்கெட்டும் மாற்று வெயிலும் காற்றும்தான். ஆனால் சூரிய மோட்டார்களைத் தோட்டங்களுக்குக் கொடுப்போம் என்று பேசுகிறவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் மெல்லிய நன்னீர்ப் படையாக, உவர்நீரின் மேல் மிதக்கிறது. மண்ணெண்ணெய்ச் செலவு இதுவரை இறைப்புக்கு ஒரு கடிவாளமாகவும் இருந்தது. செலவில்லாமல் நாள் முழுக்க இறைத்தால் கிணறு உவராகும். எவ்வளவு இறைக்கலாம் என்ற கட்டுப்பாடும் மோட்டாரோடு சேர்ந்தே வர வேண்டும்.

தீவுகளில் அந்தச் சிக்கல் இல்லாமல் தொடங்க ஓர் இடம் உண்டு. தேசிய மின் வலையமைப்புக்கு வெளியே இருக்கும் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் டீசல் ஜெனரேற்றரில் மின்சாரம் பெற்று வந்தவை. கடல் கடந்து பரல் பரலாகக் கொண்டுபோகும் டீசல் அது. உலக விலையோடு படகுக் கூலியும் சேர்ந்தால் அதுதான் நாட்டிலேயே மிக விலைகூடிய மின்சாரங்களில் ஒன்றாக இருக்கும். இந்தியா கொடுக்கும் 11 மில்லியன் டொலர் நன்கொடையில் மூன்று தீவுகளுக்கும் சூரிய ஒளி, காற்று, மின்கலம் சேர்ந்த மின்நிலையங்களுக்கு 2024 மார்ச்சில் ஒப்பந்தமானது. அவை முழுமையாக இயங்கும்போது ஹோர்முஸில் நடப்பதற்கும் நெடுந்தீவு வைத்தியசாலையின் மின்சாரத்துக்கும் உள்ள தொடர்பு பெருமளவு குறையும். குறிகாட்டுவானிலிருந்து போகும் படகுகளுக்கும் மயிலிட்டி வள்ளங்களுக்கும் அப்படி ஒரு மாற்று இன்னும் வரவில்லை. அதுவரை அவர்களுக்கு உரிய எரிபொருளின் விலையை அரசு தனியாகக் கவனிக்க வேண்டும்.